அப்பாவின் அம்பாசடர் கியர் பாக்ஸைப் பிரிக்கலாமா?

தருமபுரியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பா விட்டுச் சென்ற 1978 மார்க் 3 அம்பாசடர், ஹேண்ட் கியர், அதாவது லிவர் ஸ்டீயரிங் தூணில் இருக்கும் வகை. சேலம் போகும் சாலையில் தொப்பூர் மலை இறக்கத்தில் மூன்றாம் கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. இரண்டாம் கியருக்கு இறக்கும்போது ‘கர்ர்’ என்கிறது. டாப், அதாவது நான்காம் கியர் தவிர மற்ற கியர்களில் ஊளைச் சத்தம். மூன்று மெக்கானிக்கிடம் காட்டினாராம். முழுக்கப் பிரித்து வேலை செய்யணும் என்றார் ஒருவர். காயலாங்கடையில் ஒரு பாக்ஸ் எடுத்து மாட்டிவிடலாம் என்றார் இன்னொருவர். மூன்றாமவர், இசுசு ஐந்து கியர் பாக்ஸே போட்டுவிடுங்கள் என்றார். “அண்ணா, எது சரி? இந்த வண்டிக்கு இவ்வளவு செலவு தகுமா?”

தம்பி, இந்தக் கணக்கு முடியும் வரைக்கும் அந்த வண்டியைத் தொப்பூரில் இறக்காதீர்கள். டீசல் மிச்சம் என்று லாரிகள் நியூட்ரலில் இறங்கி, பிரேக் சூடேறி, இரட்டைப் பாலம் பக்கம் என்ன ஆகிறது என்பது நம் மாவட்டத்தில் பிறந்தவர்களுக்குப் புதிதல்ல. மூன்றாம் கியர் கழன்ற அம்பாசடரும் நியூட்ரலில் இறங்கும் வண்டிதான். எஞ்சின் பிடித்துக்கொள்ள வேண்டிய நேரத்தில் கைவிட்டுவிடுகிறது. மார்க் 3 வண்டிக்கு நான்கு சக்கரமும் டிரம் பிரேக். நீண்ட இறக்கத்தில் டிரம் சூடேறினால் பெடல் மிதித்தும் வண்டி கேட்காது. ஒகேனக்கல் போகும் மலைப்பாதைக்கும் இதே பேச்சுதான். ஊருக்குள் ஓட்டிக்கொள்ளுங்கள்.

நான் காவேரிப்பட்டணம் பக்கம் கொட்டாய் போட்டு உட்கார்ந்திருப்பவன். டாக்சி அம்பாசடர்களுக்கு அடியில் படுத்து வேலை பழகினேன். நடுவில் பதினோரு வருடம் ஓசூரில் கியர் வெட்டும் தொழிற்சாலை ஒன்றில் இருந்தேன். இப்போது மறுபடியும் வண்டிக்கு அடியில்தான். அதனால் என் பதிலில் பாதி மெக்கானிக் பேச்சு, பாதி பல் சக்கரம் செய்தவன் பேச்சு.

உங்களிடம் பேசிய மூவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்களில் யாராவது வண்டியை எடுத்து ஐந்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தார்களா? கியர் பாக்ஸ் விஷயத்தில் முடிவு இரண்டு முறை எடுக்க வேண்டும். பாக்ஸை வண்டியிலிருந்து இறக்கலாமா என்பது ஒரு முடிவு. இறக்கி மேசை மேல் பிரித்துப் போட்ட பிறகு, இதையே கட்டலாமா என்பது இன்னொன்று. முதல் முடிவை எடுக்கும்போதே இரண்டாவதற்கும் பதில் சொல்லுகிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

இறக்காமலே தெரிந்துகொள்ளக் கூடியது நிறைய இருக்கிறது. வண்டியை நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டு நியூட்ரலில் வையுங்கள். கிளட்சிலிருந்து காலை எடுத்தபோது ‘ரொய்ங்’ என்று கேட்டு, மிதித்ததும் அடங்கினால் கியர் பாக்ஸுக்குள் முன்பக்க பேரிங்கோ, லே ஷாஃப்ட் என்ற கீழ்த் தண்டோ தேய்ந்திருக்கிறது. நேர்மாறாக, மிதித்தால்தான் சத்தம் வருகிறது என்றால் அது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். அடுத்து, கிளட்சை முழுக்க மிதித்து ஐந்தாறு நொடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். கிளட்ச் சரியாக விட்டிருந்தால் அதற்குள் உள்ளே எல்லாம் நின்றிருக்கும், ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழும். அப்போதும் ‘கர்ர்’ என்றால் கிளட்ச் முழுதாக விடவில்லை. அதைச் சரிசெய்யாமல் இரண்டாம் கியரைக் குறை சொல்லக் கூடாது.

கிளட்ச் சரி என்று தெரிந்த பிறகு, ஓடும்போது மூன்றிலிருந்து இரண்டுக்கு டபுள் கிளட்ச் போட்டு இறக்கிப் பாருங்கள். கிளட்சை மிதித்து நியூட்ரல், காலை எடுத்து ஆக்சிலேட்டருக்கு ஒரு தட்டு, மறுபடி மிதித்து இரண்டாம் கியர். பழைய லாரி டிரைவர் யாரிடமாவது கேட்டால் ஒரே நாளில் சொல்லிக் கொடுத்துவிடுவார். இப்படிப் போட்டால் வெண்ணெய் மாதிரி விழுகிறதென்றால் கியர் விழும்போது வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை சிங்க்ரோ ரிங் மட்டும் தேய்ந்திருக்கிறது. அப்படியும் கடித்தால் கியரை இணைக்கும் நாய்ப்பல் மழுங்கியிருக்கலாம். முதல் கியரைப் பற்றிக் கவலை வேண்டாம். இந்த வண்டியில் முதல் கியருக்கு சிங்க்ரோவே கிடையாது, இரண்டு, மூன்று, நான்குக்குத்தான் உண்டு. ஓடும் வண்டியில் முதல் கியர் போட்டால் கத்தத்தான் செய்யும். முதல் கியரிலும் ரிவர்ஸிலும் பல் நேராக வெட்டியது, அதனால் கொஞ்சம் ஊளை அதன் பிறவிக்குணம். இன்றைய கார் ஓட்டிப் பழகியவர்கள் இதையும் கோளாறு என்று சொல்லி செலவு வைத்துக்கொள்கிறார்கள்.

இனி கியர் கழலும் விஷயம். இதில் நானே பட்டிருக்கிறேன். வேலை பழகிய புதிதில் பாலக்கோட்டுத் தக்காளி வியாபாரி ஒருவரின் அம்பாசடர் இதே புகாரோடு வந்தது. கேட்ட மாத்திரத்தில் பாக்ஸை இறக்கினேன், பிரித்தேன். உள்ளே எல்லாம் நன்றாக இருந்தது. துடைத்துக் கட்டி மேலே ஏற்றினேன். முதல் ஓட்டத்திலேயே மறுபடி கழன்றது. ஸ்டீயரிங் தூணின் அடியில் கியர் லிவர் இணைப்பில் புஷ் தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. மேலே கை முழுதாகப் போனாலும் பாக்ஸில் இருக்கும் லிவர் முழுதாகப் போகவில்லை, கியர் பாதிதான் கடித்திருந்தது. இரண்டு நாள் கூலியை அவரிடம் கேட்க வாய் வரவில்லை.

அதனால் ஒருவரை உள்ளே உட்கார வைத்து மூன்றாம் கியர் போடச் சொல்லுங்கள். நீங்கள் கீழே பாக்ஸின் மேல் இருக்கும் லிவரைக் கையால் தள்ளிப் பாருங்கள். இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் கோளாறு வெளியில்தான். எஞ்சின், கியர் பாக்ஸ் ரப்பர் மவுண்டிங் அமுங்கிப் போயிருந்தாலும் இணைப்பு இழுபட்டு இதே விளைவு தரும். இரண்டும் சில்லறைச் செலவு. நூற்றில் இத்தனை வண்டி என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஹேண்ட் கியர் வண்டியில் இதைப் பார்க்காமல் பாக்ஸை இறக்குபவர் அவசரக்காரர்.

உங்கள் வண்டியில் இணைப்பு மட்டும் காரணமாக இருக்காது என்று நான் நினைப்பதற்குக் காரணம் அந்த ஊளை. இரண்டிலும் மூன்றிலும் கத்துகிறது, டாப்பில் அமைதி என்று எழுதியிருக்கிறீர்கள். டாப் கியரில் எஞ்சின் சக்தி முன் தண்டிலிருந்து, பின் சக்கரத்தை நோக்கிப் போகும் மெயின் ஷாஃப்ட்டுக்கு நேராகப் போய்விடும், கீழே இருக்கும், பல பல் வரிசை கொண்ட கிளஸ்டர் கியர் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். மற்ற கியர்களில் சுமை முழுக்கக் கிளஸ்டர் வழியாகத்தான் இறங்கி ஏறுகிறது. கிளஸ்டரைத் தாங்குவது அசையாமல் நிற்கும் ஒரு எஃகுத் தண்டு, அதைத்தான் லே ஷாஃப்ட் என்கிறோம். நடுவில் பென்சில் முனை மாதிரி நீடில் ரோலர்கள். தண்டு சுற்றாது என்பதால் சுமை எப்போதும் ஒரே பக்கத்தில்தான் விழும். வருடக்கணக்கில் அந்தப் பக்கம் மட்டும் அம்மைத் தழும்பு மாதிரி குழி விழும். அப்புறம் கிளஸ்டர் சாய்ந்து ஓடும், பல் முழு அகலத்துக்கும் பதியாது, ஊளை வரும்.

அதே கோளாறுதான் இறக்கத்தில் கியரைக் கழற்றுகிறது. மூன்றாம் கியரின் பல் சாய்வாக வெட்டியது. சாய்வுப் பல் சுமை ஏறும்போது சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளும். ஏற்றத்தில் ஒரு பக்கம் தள்ளினால், இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டதும் சுமை திரும்பி எதிர்ப்பக்கம் தள்ளும். தண்டும் வாஷரும் தேய்ந்து இடைவெளி கூடியிருந்தால் கியர் அந்தப் பக்கம் நகரும், மழுங்கிய நாய்ப்பல், கியரைத் தண்டோடு பூட்டும் ஸ்லீவை வழுக்கித் தள்ளிவிடும். உங்களுக்கு ஏற்றத்தில் நிற்கிறது, இறக்கத்தில் கழல்கிறது என்றால் இதோடு பொருந்துகிறது. சிலர் கியரை நகர்த்தும் செலக்டர் ராடில் இருக்கும் குண்டுக்கு அடியில் கனமான ஸ்பிரிங் போட்டுச் சரிசெய்து விட்டதாகச் சொல்வார்கள். சில மாதம் நிற்கும். அதற்குள் ஸ்லீவைத் தள்ளும் ஃபோர்க்கும் தேயும்.

டாப்பிலும் கத்துகிறது, நியூட்ரலில் உருளவிட்டாலும் கத்துகிறது என்றால் அது வேறு. பின் அச்சில் இருக்கும் கிரவுன் பல் சக்கரம், சக்கர பேரிங், பின்னே போகும் தண்டின் யூஜே கிராஸ் மூட்டு என்று பின்பக்கம் தேட வேண்டும்.

இப்போது எண்ணெய். வண்டியை ஓட்டிச் சூடாக்கி, ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவில் வடியுங்கள். அடியில் தங்கத்தூள் மாதிரி மினுமினுப்பு இருந்தால் சிங்க்ரோ பித்தளை. அது கொஞ்சம் இருப்பது வயசுக்கு இயல்பு. காந்தத்தை உள்ளே விட்டு எடுத்தால் கருப்பு மாவு ஒட்டும், அதுவும் பரவாயில்லை. விரலில் நெருடும் செதில், ஊசி மாதிரித் துண்டு, பல்லின் மூலை கிடைத்தால் அன்றோடு வண்டியை ஓட்டுவதை நிறுத்துங்கள். எண்ணெய் கருப்புத் தேன் மாதிரி கெட்டியாக வந்தால் யாரோ சத்தத்தை மறைக்க மிகக் கெட்டியான 140 ஆயில் ஊற்றியிருக்கிறார்கள். பழைய வண்டி விற்பவர்களின் பழைய வித்தை அது. நாற்றம் பிடித்த ஜிஎல்-5 தர கியர் ஆயில் ஊற்றியிருந்தாலும் நல்லதல்ல. கிரவுனுக்கு அது சரி, ஆனால் அதிலுள்ள கந்தகச் சரக்கு பித்தளை ரிங்குக்கு ஆகாது, வழுவழுப்பு கூடி ரிங்கும் பிடிக்காது. அம்பாசடரின் மூதாதை மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. இங்கிலாந்தில் அந்தக் குடும்ப கியர் பாக்ஸ்களுக்கு எஞ்சின் ஆயிலையே ஊற்றச் சொன்னார்கள். உங்கள் வண்டிப் புத்தகம் அப்பா பெட்டியில் இருந்தால் அது சொல்வதை ஊற்றுங்கள்.

இவ்வளவும் பார்த்து, இணைப்பும் மவுண்டிங்கும் கிளட்சும் சரியாக இருந்து, ஊளையும் கழலுவதும் நிற்கவில்லை என்றால் பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். நீங்கள் எழுதியிருப்பதை வைத்து நான் அப்படித்தான் முடியும் என்று எதிர்பார்க்கிறேன்.

இறக்கிப் பிரிக்கும் அன்று நீங்கள் கூட இருங்கள். லீவு போட்டாவது இருங்கள். பார்க்க வேண்டியது முதலில் கிளஸ்டர். அது ஒரே துண்டு, எல்லாப் பல் வரிசையும் ஒரே கட்டையில் வெட்டியது, ஒரு வரிசை போனாலும் முழுதும் போனதுதான். பல்லின் முகத்தை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். கண்ணாடி மாதிரி ஒரே பளபளப்பு இருந்தால் நல்லது. ஊசி குத்திய மாதிரி சின்னக் குழிகள் ஒன்றிரண்டு இருந்தால், மெதுவாக ஓட்டும் வண்டிக்கு ஓடும். மேல்தோல் உரிந்து பள்ளமாக இருந்தால் முடிந்தது.

ஏன் இந்தத் தோலுக்கு இவ்வளவு மரியாதை என்றால், நான் பதினோரு வருடம் அதைத்தான் செய்தேன். கியரை மிருதுவான எஃகில் வெட்டி, 900 டிகிரிக்கு மேல் கார்பன் வாயு நிறைந்த உலையில் மணிக்கணக்கில் வைத்து, எண்ணெயில் முக்கி எடுப்போம். வெளியே சுமார் ஒரு மில்லிமீட்டர், பல நேரம் அதற்கும் குறைவாக, கண்ணாடி போல் கடினமாகும். உள்ளே இரும்பு வளைந்து கொடுக்கும். அந்தத் தோல்தான் தேய்மானத்தைத் தாங்குகிறது. தோல் போன பல் வேகமாக உதிரும். “உடைந்த பல்லை வெல்டிங் வைத்து அரைத்துக் கொடுக்கிறோம்” என்று லேத் பட்டறையில் சொன்னால் கும்பிட்டுவிட்டு வாருங்கள். வெல்டிங் சூட்டில் பக்கத்துப் பல்லின் கடினமும் போய்விடும். ஒட்டிய பல் ஓடும்போது உடைந்து இரண்டு சக்கரத்துக்கு நடுவில் மாட்டினால் பின் சக்கரங்கள் அப்படியே பூட்டிக்கொள்ளும். புதிதாக ஒரே ஒரு கியரை வெட்டித் தருவதற்கு ஓசூரிலும் கோவையிலும் ஆள் கிடைப்பார்கள். ஆனால் சூடேற்றும்போது கொஞ்சம் கோணும், அதை கிரைண்ட் செய்து எடுக்க வேண்டும், ஒற்றை உருப்படிக்கு யாரும் அந்தப் பக்குவத்தோடு செய்வதில்லை. செய்தாலும் விலை வண்டி விலையோடு போட்டி போடும்.

கிளஸ்டருக்கு அடுத்தது கூடு, அதாவது பாக்ஸின் வெளி உறை. பேரிங் உட்காரும் துளையில் பேரிங்கின் வெளி வளையம் சுற்றிய தடம் இருக்கிறதா, விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சிங்க்ரோ ரிங். அதைக் கியரின் கூம்பில் அழுத்தி வைத்தால் ரிங்குக்கும் பல் முகத்துக்கும் நடுவில் இடைவெளி தெரிய வேண்டும். போய் முட்டினால் ரிங் முடிந்தது. நாய்ப்பல் முனை கூராக இருக்கிறதா, வட்டமாகிவிட்டதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளஸ்டரும் கூடும் மெயின் ஷாஃப்ட் கியர்களும் நன்றாக இருந்து, போனது லே ஷாஃப்ட், நீடில், பேரிங், ரிங், வாஷர், சீல் என்றால் தயங்காமல் இந்த பாக்ஸையே கட்டுங்கள். பால் பேரிங்குகளுக்கு ‘அம்பாசடர் ஸ்பேர்’ என்று தேடி அலைய வேண்டாம், வளையத்தில் எண் குத்தியிருக்கும், அந்த எண்ணைச் சொல்லி நல்ல பேரிங் கடையில் வாங்கலாம். லே ஷாஃப்ட் வாங்கும்போது பையில் ஒரு சின்ன அரம் கொண்டு போங்கள். தண்டின் நுனி ஓரத்தில் ஒரு இழு. அரம் வழுக்கினால் வாங்குங்கள், கடித்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். கடினமாக்காத தண்டு கடைகளில் நிறையப் புழங்குகிறது, கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பழைய நீடிலைப் புதுத் தண்டிலோ, புது நீடிலைப் பழைய தண்டிலோ போடவே கூடாது.

கிளஸ்டர் போயிருந்தால்தான் காயலாங்கடை பாக்ஸ். உங்கள் இரண்டாவது மெக்கானிக்கோடு இங்கே கொஞ்சம் ஒத்துப்போகிறேன், கொஞ்சம் வேறுபடுகிறேன். வாங்குங்கள், ஆனால் அப்படியே மாட்டாதீர்கள். 2014 மே மாதம் கொல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் அம்பாசடர் உற்பத்தி நின்ற பிறகு வெளியே கிடக்கும் எந்த பாக்ஸும் ஓய்ந்து போன வண்டியிலிருந்து வந்ததுதான். அதன் லே ஷாஃப்ட் மட்டும் இளமையாக இருக்குமா? அதை உதிரிக்காக வாங்கி, அதன் கிளஸ்டரையும் அதோடு சேர்ந்து ஓடிய மெயின் ஷாஃப்ட் கியர்களையும் ஜோடியாக எடுத்து உங்கள் கூட்டில் கட்டுங்கள். சேர்ந்து தேய்ந்த பல்லைப் பிரித்து வேறு ஒன்றோடு சேர்த்தால் ஊளை போகாது. பெங்களூர் ஜே.சி. ரோட்டுக்கோ சென்னை புதுப்பேட்டைக்கோ போகும்போது உங்கள் கிளஸ்டரைக் கையில் எடுத்துப் போய்ப் பல்லை எண்ணி ஒப்பிடுங்கள். பெட்ரோல், டீசல், வெவ்வேறு வருடம் என்று எல்லாம் ஒரே குவியலில் கிடக்கும். மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். எண்ணெய் இல்லாமல் மழையில் கிடந்த பாக்ஸில் பல்லின் மேல் துரு உட்கார்ந்திருக்கும், துடைத்தாலும் குழி போகாது.

ஐந்து கியர் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. அந்த பாக்ஸ் 1990களில் இசுசு 1.8 லிட்டர் எஞ்சினோடு வந்தது, ஃப்ளோர் கியர், லிவர் தரையில். உங்கள் 1489 சிசி எஞ்சினோடு அதை இணைக்கும் முன் உறையான பெல் ஹவுசிங் பொருந்தாது. நடுவில் தகடு, கிளட்ச் மாற்றம், தரையில் துளை, புரொப்பல்லர் ஷாஃப்ட்டை வெட்டி ஒட்டுவது, ஸ்பீடோமீட்டர் என்று ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு வரும். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வரை நெடுஞ்சாலையில் எஞ்சின் கொஞ்சம் அமைதியாக ஓடும் என்பது உண்மை. ஆனால் சேலத்திலிருந்து திரும்பி வரும்போது தொப்பூர் ஏற்றத்தில் உங்கள் எஞ்சின் அந்த ஐந்தாம் கியரை இழுக்காது. தினமும் பெங்களூர் போய் வருகிறவர் கேட்டால் வேறு பேச்சு. நீங்கள் அப்பா பிடித்த லிவரைப் பிடிக்கத்தானே இந்த வண்டியை வைத்திருக்கிறீர்கள்?

செலவு தகுமா என்பது கடைசிக் கேள்வி. விற்பனை விலையோடு ஒப்பிட்டால் எந்தப் பழைய வண்டியின் கியர் பாக்ஸ் வேலையும் நஷ்டம்தான். நான் வேறு விதமாகப் பார்ப்பேன். பாடி அடித்தளம் துருப்பிடித்துப் போய், எஞ்சினும் ஆயில் குடிக்கிறதென்றால் இப்போது கியர் பாக்ஸைத் தொடாதீர்கள், தளத்தை முதலில் பாருங்கள். பாடியும் எஞ்சினும் திடமாக இருந்தால் செய்யுங்கள். ஆனால் அரைகுறையாகச் செய்யாதீர்கள். இறக்கி ஏற்றும் கூலி சின்னதல்ல, ஒரு வேலைக்கு அதை இரண்டு முறை கொடுக்கக் கூடாது. பாக்ஸ் கீழே இருக்கும்போதே கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், எஞ்சின் பின்பக்கத்துச் சின்ன புஷ், மவுண்டிங் ரப்பர், யூஜே கிராஸ் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். கையில் பணம் குறைவு என்றால் ஆறு மாதம் பொறுத்து முழுதாகச் செய்யுங்கள். அதுவரை டபுள் கிளட்ச் போட்டு, தருமபுரி டவுனுக்குள் மெதுவாக ஓட்டினால் இது தாங்கும், எண்ணெயில் செதில் இல்லாத வரை.

இன்னொன்று, கேட்காத கேள்வி. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி 50 வருடம் கடந்த வண்டியை விண்டேஜ் என்று தனி ‘விஏ’ எண்ணில் பதியலாம். உங்கள் வண்டிக்கு 2028இல் அந்த வயது வரும். சேசிஸ், பாடி, எஞ்சின் மாற்றாமல் இருக்க வேண்டும் என்கிறது விதி. ஆனால் அந்த எண் வாங்கினால் அன்றாடம் ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலி, பராமரிப்பு மாதிரியானவற்றுக்கு மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஒகேனக்கல் மீன் சாப்பிடப் போகிற வண்டி என்றால் அவசரப்பட வேண்டாம்.

இந்த வாரம் எண்ணெயை வடித்து, காந்தத்தில் ஒட்டியதை வெள்ளைத் துணியில் துடைத்துப் போட்டோ எடுத்து வையுங்கள். மூன்றாம் கியரில் பாக்ஸ் லிவர் இன்னும் நகர்ந்ததா இல்லையா என்பதையும் எழுதுங்கள். இந்த இரண்டும் தெரிந்தால் இறக்கலாமா என்பதற்கு ஒரே வரியில் பதில் சொல்கிறேன்.